இரண்டாம் வரிசைக்கு முருங்கை இல்லை

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "என் பேரை மட்டும் போட்டுட்டு, கூட்டுற அம்மா பேரையும் வாட்ச்மேன் பேரையும் ஏன் தாயி விட்ட?" என்று கேட்பார். எல்லார் பெயரும் எனக்கு ஞாபகமில்லை. ஆகவே ஒருவர் பெயரும் வேண்டாம். அவர் முறைப்படி அதுதான் நியாயம்.

எழுபதுகளின் கடைசி. மதுரைக்கு மேற்கே ஒரு கல்லூரியில் உயிர்வேதியியலில் எம்.ஃபில். சேர்ந்திருந்தேன். எங்கள் துறைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை ஒன்று. அதற்குள் வரிசை வரிசையாகக் கூண்டுகள், கூண்டுக்குள் வெள்ளெலிகள். அந்த எலிகளுக்குத் தீனி வைத்து, தண்ணீர் மாற்றி, கூண்டு கழுவுவதற்காக இருந்த அட்டெண்டர் இவர். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் ஈரம் காயாத துண்டு. பேராசிரியையைத் தவிர துறையில் எல்லாருக்கும் அவர் 'அண்ணே'.

காலை பத்தரைக்குத் தூக்குவாளியில் டீ வரும். குடிப்பவர்கள் ஒரு நாள் ஐந்து பேர், ஒரு நாள் எட்டுப் பேர். ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. கண் மதிப்பில் ஊற்றமாட்டார். ஒரு பழைய மெஷரிங் சிலிண்டரின் கழுத்தில் சிவப்பு நூலைக் கட்டி, டீக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். முதலில் மொத்த டீயையும் அதில் அளப்பார். பிறகு தலையை எண்ணுவார். பிறகு குனிந்து, கண்ணை டீ மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு டம்ளருக்கும் அளந்து விடுவார். ஒரு சொட்டு முன்னே பின்னே இருக்காது. நான் அமிலம் அளக்கும்போது அவ்வளவு கவனமாக இருந்தேனா என்று கேட்டால் சத்தியம் செய்யமாட்டேன்.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். தொண்டை காய்ந்தது.

"அண்ணே, இன்னைக்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் கூட ஊத்துங்க."

"கூட வேணும்னா என் பங்க எடுத்துக்க தாயி. மத்தவுக பங்குல கை வைக்க எனக்கு ரைட்டு கெடையாது" என்று சொல்லி, தன் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

வெட்கமில்லாமல் வாங்கிக் குடித்தேன். அன்றைக்கு அவர் டீ குடிக்கவில்லை என்பதே எனக்குச் சாயங்காலம்தான் உறைத்தது. எனக்கு அந்த வயதில் அவ்வளவுதான் புத்தி.

அவருக்கு இந்தச் சமன் பார்க்கிற குணம் கல்லூரிக்கு வந்து ஏற்பட்டதில்லை. ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பந்தி பரிமாற அவரைத்தான் கூப்பிடுவார்களாம். கூப்பிடுவார்கள், பிறகு ஏன் கூப்பிட்டோம் என்று வருத்தப்படுவார்கள். அவருடைய மச்சினன் வீட்டுக் கிடாவெட்டில் நடந்த கதையை அவரே சொன்னார். கறிக்குழம்பு இரண்டு அண்டாவில் இருந்திருக்கிறது. ஒன்றில் நல்ல நெஞ்சுக்கறியும் ஈரலும், முதல் பந்தியில் உட்காரும் பெரிய மனிதர்களுக்காக. இன்னொன்றில் எலும்பும் சாறும், கடைசிப் பந்திக்காரர்களுக்காக.

"பாத்தேன். ஒரு ஆளக் கூப்பிட்டு, பிடிடா அந்தப் பக்கம்னு சொல்லி, ஒரு அண்டாவைத் தூக்கி இன்னொண்ணுல கவுத்துட்டேன். நல்லா அடிவரைக்கும் கலக்கி விட்டேன். பந்தி வஞ்சனை ஆகுமா?"

"மச்சினன் ஒண்ணும் சொல்லலையா?"

"ரெண்டு வருசம் பேசல. பேசாட்டிப் போறான். கடைசிப் பந்தியில ஒரு பெருசு ஈரல் தின்னுச்சுல்ல."

இந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போதே கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

என் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், சுருக்கமாகத்தான். நாம் சாப்பிடும் கொழுப்பில் உள்ள கொலஸ்ட்ரால் குடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் ஏறுகிறது. முருங்கைக் கீரையின் சாரத்தைச் சேர்த்துக் கொடுத்தால், அது ஏறாமல் தடுத்து வெளியே தள்ளுமா? அதுதான் கேள்வி. பதினெட்டு எலிகள், ஒரு வரிசைக்கு ஆறாக மூன்று வரிசை. முதல் வரிசைக்கு வெறும் மாவுத் தீனி. இரண்டாவது வரிசைக்கு அதே மாவோடு தேங்காயெண்ணெயும் கொலஸ்ட்ரால் பொடியும். மூன்றாவது வரிசைக்கு அதெல்லாம் போக முருங்கைச் சாரமும். ஆறு வாரம் தின்ற பிறகு ரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது, புழுக்கையில் எவ்வளவு வெளியே போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆமாம், புழுக்கையில்தான். கூண்டுக்குக் கீழே தட்டு வைத்துப் பிடித்து, காயவைத்து, பொடித்து, சோதிக்க வேண்டும்.

"எலிப் புழுக்கை பொறுக்கறதுக்காடி எம்.எஸ்சி. படிச்ச?" என்று அம்மா கேட்டாள். தல்லாகுளத்தில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா இன்னும் தெளிவாகச் சொன்னார். "இந்த ஒரு வருஷந்தான். ஜூன்ல பட்டத்தை வாங்கினேன்னா வேலைக்குப் போறதப் பத்திப் பேசலாம். இல்லைன்னா அத்தையோட கொழுந்தன் பையன் கோர்ட்டுல கிளார்க்கா இருக்கான். முடிச்சிரலாம்." கோர்ட்டுக் கிளார்க்கின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் என் வாழ்க்கை ஜூன் மாதத்தில் முடிவாகிறது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்தப் பட்டம் எனக்கு வேண்டும். அதற்கு அந்தப் பதினெட்டு எலிகளும் எனக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

முருங்கைக் கீரையைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவர்தான். வீட்டுக் கொல்லையில் இரண்டு மரம். ஒரு சாக்கு நிறையக் கீரை கேட்டிருந்தேன். வந்தார், சாக்கு வெறுமையாகத் தோளில் தொங்கியது.

"அண்ணே, கீரை?"

"பஸ்ஸுல ஒரு பிள்ள, மாசமா இருந்துச்சு தாயி. ஒரு கைப்பிடி கேட்டுச்சு. குடுத்தேன். குடுத்துட்டுப் பாத்தா மொத்தப் பஸ்ஸும் என் மூஞ்சியவே பாக்குது. ஒருத்தருக்குக் குடுத்துட்டு மத்தவுகளுக்கு இல்லன்னு எப்பிடிச் சொல்ல?"

"எல்லாருக்குமா கொடுத்தீங்க?"

"டிரைவருக்கும்."

எரிச்சலில் அன்றைக்கு அவரோடு பேசவில்லை. மறுநாள் இரண்டு சாக்கு கொண்டுவந்தார். பஸ்ஸில் யாரும் பார்க்காதபடி மேலே வைக்கோலைப் பரப்பி மறைத்திருந்தார். கொடுக்க முடியாவிட்டால் காட்டவும் கூடாது என்பது அவர் கணக்கு. இதையும் நான் அப்போது சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

கீரையை நிழலில் உலர்த்திப் பொடித்து, ஸ்பிரிட்டில் காய்ச்சிச் சாரம் எடுத்தேன். மதுவிலக்கு இருந்த காலம். ஸ்பிரிட் பாட்டில் இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கும், சாவி பேராசிரியையின் இடுப்பில் இருக்கும். எங்கள் மேடத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. கணக்கில் புலி. சிவப்பு மைப் பேனா இல்லாமல் ஒரு தாளையும் தொடமாட்டார். தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் எழுத வேண்டிய இடத்தில் மூன்று எழுதினால், "இந்தத் துல்லியம் உனக்கு எங்கேர்ந்தும்மா வந்தது?" என்று கேட்பார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. நல்ல நாளிலும் பார்த்ததில்லை.

சாரம் கரும்பச்சைப் பசையாக வந்தது. அதை மாவில் கலந்து, மூன்று வரிசைக்கான தீனியையும் மூன்று டப்பாக்களில் போட்டு, மூடியில் நகச்சாயத்தால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி வைத்து அவரிடம் கொடுப்பேன். எனக்கு ஐந்து மணிக்குப் பஸ். எலிகளுக்குச் சாப்பாடு ஆறு மணிக்கு. எந்த டப்பா எந்த வரிசைக்கு என்று முதல் நாள் சொல்லிக்கொடுத்தேன். தலையாட்டினார். காலையில் நான் போவதற்குள் கூண்டுகளைக் கழுவித் துடைத்து, மிச்சம் மீதி ஒன்றில்லாமல் வைத்திருப்பார். கூண்டு வாரியாகப் புழுக்கைப் பொட்டலங்கள் நம்பர் போட்டுத் தயாராக இருக்கும். "அண்ணே மாதிரி சுத்தமா வேலை பாக்க ஆள் கிடையாது" என்று நானே மேடத்திடம் பாராட்டியும் வைத்தேன்.

ஆறு வாரம் முடிந்தது. ரத்தம் எடுத்து எலிகளைக் கொல்கிற நாளில் அவர் எப்போதும் லீவு போட்டுவிடுவார். அன்றும் போட்டார். சோதனைகள் செய்தேன். பதில் வந்தது.

மூன்று வரிசையும் ஒன்றுபோலவே இருந்தது. வெறும் மாவு தின்றதும், எண்ணெய் தின்றதும், எண்ணெயோடு முருங்கை தின்றதும், ரத்தத்திலும் சரி, புழுக்கையிலும் சரி, ஒரே அளவு. மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான். மேடம் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொழுப்பே தின்னாத எலிக்கும் கொழுப்பு தின்ன எலிக்கும் ஒரே அளவா? இது முருங்கையோட தப்பு இல்லம்மா. உன் கை தப்பு."

இன்னும் ஒரு பதினெட்டு எலிகள் தந்தார். இந்த முறையும் இப்படியே வந்தால் என் பெயரை எம்.ஃபில். பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். நாளை எண்ணிப் பார்த்தேன். ஆறு வாரத் தீனி, இரண்டு வாரச் சோதனை, டைப் அடிக்கக் கொஞ்ச நாள். ஜூன் கடைசிக்குள் முடிக்க இழுத்துப் பிடித்தால் ஒரு வாரம்தான் மிச்சம்.

அந்த நாட்களில் சோதனைச் சாலை மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். என் கையையே திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், அதில் என்ன கோளாறு என்று. ஒரு தடவை அவர் டீ கொண்டுவந்தார். எல்லாருக்கும் அளந்து ஊற்றியாயிற்று. என் முன்னால் இரண்டு டம்ளர் வைத்தார், என் பங்கும் அவர் பங்கும். ஒன்றும் கேட்கவில்லை. "குடி தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடித்துப்போயிற்று என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

இரண்டாம் முறை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். அன்று ஐந்து மணிப் பஸ்ஸில் ஏற மனமில்லை. வீட்டில் கோர்ட்டுக் கிளார்க்கின் ஜாதகம் வந்திருந்தது. கொட்டகைப் பக்கம் நடந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. உள்ளே அவர் குரல் கேட்டது.

"இரு, இரு. உனக்கும் உண்டு. எல்லாருக்கும் உண்டு."

எட்டிப் பார்த்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு அகலமான அலுமினியத் தாம்பாளம். என் மூன்று டப்பாக்களும் மூடி திறந்து காலியாகக் கிடந்தன. ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, மூன்றும் அந்தத் தாம்பாளத்தில் ஒன்றாகக் கொட்டப்பட்டு, தண்ணீர் தெளித்து, அடிவரைக்கும் நன்றாகப் பிசையப்பட்டிருந்தன. இளம்பச்சை உருண்டைகள் பதினெட்டு. பக்கத்தில் ஒரு தராசு. ஒவ்வொரு உருண்டையையும் நிறுத்து, ஒன்றிலிருந்து கிள்ளி இன்னொன்றில் அப்பிக்கொண்டிருந்தார்.



"அண்ணே... கலக்கறீங்களா?"

"வா தாயி. இன்னும் பஸ்ஸுக்குப் போகலையா?"

"மூணையும் கலக்கறீங்களா?"

"கலக்கத்தேன செய்றேன்" என்றார், இதில் என்ன அதிசயம் என்பதுபோல. "மொத நாளு நீ சொன்னபடிதேன் வைக்கப் போனேன். ஒரு வரிசைக்கு வெறும் மாவு. ஒரு வரிசைக்கு எண்ணெய். ஒரு வரிசைக்கு எண்ணெயும் போட்டுக் கீரையும் போட்டு. ஒரே கொட்டாய்க்குள்ள ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாத்துக்கிட்டு இருக்குதுக. ஆறு வாரத்துல சாகப்போற உசுருக. அதுகளுக்குச் சோத்துல போயி எப்பிடித் தாயி ஓரவஞ்சனை பண்றது? எனக்குக் கை வரல."

"முதல் தடவையும் இப்படித்தானா?"

"மொத நாளுல இருந்தே."

"புழுக்கையையும் கலந்துட்டீங்களா?"

"சேச்சே" என்றார், உண்மையாகவே மனம் புண்பட்டு. "அது அதது உழைப்பு. அத நான் தொடுவேனா?"

இன்றைக்கு இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. கத்தினேன். உங்களால் என் படிப்பே போச்சு, என் வாழ்க்கையே போச்சு, பரிமாறுவதற்கு இது என்ன உங்கள் மச்சினன் வீடா என்று வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். எலிகள் கூண்டின் மூலைக்கு ஓடின. அவர் மாவுக் கையோடு எழுந்து நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது. என்ன தப்பு செய்தோம் என்றே அவருக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தரையில் உட்கார்ந்தேன். அழுதுகொண்டே சொன்னேன். கீரையால்தான் கொழுப்பு குறைந்தது என்று எப்படித் தெரியும்? கீரை தின்னாத எலிக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால்தானே தெரியும்? கொழுப்பால்தான் ஏறியது என்று எப்படித் தெரியும்? கொழுப்பே தின்னாத ஒன்று பக்கத்தில் இருந்தால்தானே?

அவர் ரொம்ப நேரம் இரண்டாம் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, ஒருத்தருக்கு இல்லைன்னு வச்சாத்தேன் அது மருந்தா இல்லையான்னு தெரியுமா?"

"ஆமா அண்ணே."

"வேற வழி கெடையாதா?"

இல்லை என்றேன். எனக்குத் தெரிந்தவரை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். காலையில் முதல் வேலையாக மேடத்திடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். என் கையில் தப்பில்லை, எல்லாம் அட்டெண்டர் செய்த வேலை. சொன்னால் என் பெயர் தப்பிக்கும். அவர் வேலை போகும். அவர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது எனக்குத் தெரியும். வீட்டில் மூன்று பிள்ளைகள் என்பதும் தெரியும். தெரிந்தும், சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்தேன். இதை மறைத்து எழுதி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

காலையில் மேடத்தின் அறைக்குப் போனால், அண்ணே எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்திருந்தார். மூன்று டப்பாவும் மேடத்தின் மேஜைமேல் இருந்தன.

"தப்பு நடந்துபோச்சும்மா. மூணு டப்பாவையும் கலந்து வச்சது நான்தேன். தங்கச்சி கையில கோளாறு இல்ல."

மேடம் ஒரு டப்பாவை எடுத்து மூடியிலிருந்த புள்ளிகளைப் பார்த்தார்.  அண்ணே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு. மொத்தத் தப்பும் என்னுதுன்னு சொல்லமாட்டேன். அது பொய்யாப் போயிரும். மூணு பங்கு இருக்கு. கேக்காம கலந்தது என் பங்கு. டப்பாவக் குடுத்துச்சே ஒழிய, ஏன் எதுக்குன்னு இந்தப் பிள்ள ஒரு நாளும் சொல்லல. அது அது பங்கு."

"மூணாவது?" என்றார் மேடம்.

"நீங்க ஒரு நாளும் கொட்டாய்ப் பக்கம் வந்து பாக்கலம்மா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நம் கதை இத்தோடு முடிந்தது, இனி கோர்ட்டுக் கிளார்க்தான் என்று தோன்றியது. மேடம் சிவப்புப் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார். அவர் வாழ்நாளில் அவருக்கு யாராவது இப்படிப் பங்கு பிரித்துக் கொடுத்திருப்பார்களா என்று தெரியாது. 

"ஒரு வாரம் எல்லாத்துக்கும் வெறும் தீனி போடுங்க. அப்புறம் முதல் நாள்லேர்ந்து எண்ணுங்க" என்றார். பிறகு என்னிடம், "ஜூன் கடைசி வாரம் நான் லீவு போடலாம்னு இருந்தேன். போடல. ராப்பகலா உக்காந்து திருத்தித் தரேன், போ."

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உங்களைப் போட்டுக்கொடுக்கத்தான் வந்தேன் அண்ணே என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தெரியும் தாயி. நானும் உன் பங்கச் சொல்லத்தேன வந்தேன்" என்றார்.

அந்த ஆறு வாரமும் அவர் நான் சொன்னபடி பிசகாமல் வைத்தார். ஒரு புள்ளி முதல் வரிசைக்கு, இரண்டு புள்ளி இரண்டாம் வரிசைக்கு, மூன்று புள்ளி மூன்றாம் வரிசைக்கு. ஆனால் முதல் நாளே சாக்குகளைப் பிரித்துத் தைத்து வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே திரை கட்டிவிட்டார். ஒன்றின் சாப்பாட்டை ஒன்று பார்க்கக்கூடாது. இரண்டாம் வரிசைக்குத் தீனி வைத்த பிறகு ஒவ்வொரு எலியின் தலையிலும் ஒரு விரலால் கொஞ்ச நேரம் சொறிந்துவிடுவார். தலையைச் சொறிந்தால் கொலஸ்ட்ரால் குறையுமா என்று எனக்குத் தெரியாது. குறைந்து என் கணக்கைக் கெடுத்துவிடுமோ என்று பயமாகக்கூட இருந்தது. வேண்டாம் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. இப்போது நானும் ஐந்து மணிப் பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் இருந்தேன். தினமும் ஆறு மணிக்கு அவர் முகம் வாடிவிடும். வேலை முடிந்ததும் கையை மூன்று தடவை கழுவுவார்.

கடைசி நாள் சாயங்காலம் வந்தது. மறுநாள் காலை ரத்தம் எடுக்க வேண்டும். அவர் என்னிடம் வந்து, காதோரம் சொறிந்துகொண்டே நின்றார்.

"ஆறு வாரந்தேன் முடிஞ்சிருச்சுல்ல தாயி. இன்னைக்கு ஒரு வேளை, கடைசிச் சோறு, எல்லாத்துக்கும் கீரை போட்டு வைக்கட்டுமா?"

"முடியாது அண்ணே. வெறும் வயித்துல இருந்தாத்தான் நாளைக்கு ரத்தம் எடுக்க முடியும். இன்னைக்கு எதுக்குமே சாப்பாடு கிடையாது. தண்ணி மட்டும்தான்."

"எதுக்குமேவா?"

"எதுக்குமே."

 பிறகு கொட்டகைக்குள் போய் சாக்குத் திரைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பதினெட்டு எலிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. தண்ணீர்க் குப்பிகளை ஒரே மட்டத்துக்கு நிரப்பி வைத்தார். "இன்னைக்குத்தேன் தாயி, மூணு வரிசையும் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். மறுநாள் லீவு.

பதில் இந்த முறை பளிச்சென்று வந்தது. மூன்று வரிசையும் மூன்று விதம். இரண்டாம் வரிசையின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் நன்றாக ஏறியிருந்தது, ஈரல் மஞ்சள் பாய்ந்திருந்தது. முருங்கை தின்ற மூன்றாம் வரிசையில் அவ்வளவு ஏறவில்லை, புழுக்கையில் நிறையவே வெளியே போயிருந்தது. மேடம் தாளைப் பார்த்து, "இப்பச் சரி" என்றார். நான் ஓடிப்போய் அவரிடம் சொன்னேன், கீரை வேலை செய்கிறது அண்ணே என்று. சந்தோஷப்பட்டார். சந்தோஷப்பட்டுவிட்டு, "அப்ப ரெண்டாம் வரிசைதேன் கஷ்டப்பட்டிருக்கு" என்றார்.

ஆய்வேட்டுக்கு முன்னால் நன்றி சொல்லும் பக்கம் ஒன்று உண்டு. அதை ஆங்கிலத்தில் கையால் எழுதி, டைப் அடிக்கக் கொடுப்பதற்கு முன் அவரிடம் தமிழில் படித்துக் காட்டினேன்.

"மேடத்துக்கு எத்தன வரி?"

"மூணு."

"எனக்கு?"

"மூணு." அவர் கேட்பார் என்று தெரிந்து எண்ணித்தான் எழுதியிருந்தேன்.

தலையாட்டினார். கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அந்த ரெண்டாம் வரிசைக்கு?"

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். முருங்கை கிடைக்காமல் போன இரண்டாம் வரிசை எலிகள் ஆறுக்கும் நன்றி. எழுதிவிட்டேனே தவிர, மேடம் இதை விடமாட்டார் என்று நிச்சயமாகத் தெரியும். ஆராய்ச்சி என்ன விளையாட்டா என்பார். என்ன சொல்லி வாதாடுவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன்.

மறுநாள் தாள் என் மேஜைக்குத் திரும்பி வந்தது. பயந்தபடியே கடைசி வரியில் சிவப்பு மை. 'முருங்கை கிடைக்காமல் போன இரண்டாம் வரிசை' என்பது அடிக்கப்பட்டிருந்தது. 'ஆறு' என்பதும் அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே மேடத்தின் கையெழுத்தில் 'முப்பத்தாறு' என்றிருந்தது.

கொட்டகைக்குப் போய் அவரிடம் காட்டினேன். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். மொதத் தடவை பதினெட்டு, ரெண்டாந்தடவை பதினெட்டு என்று வாய்க்குள் கூட்டினார். கண் நிறைந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மேடம் கணக்குல எப்பவும் சரியாத்தேன் இருப்பாக" என்றார்.